நகர்த்தி வைத்த கெட்டில்

விழுப்புரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருக்கும் மாடி ஹாலில் ஞாயிற்றுக்கிழமைகளில் டிராயிங் கிளாஸ் நடக்கிறது. திண்டிவனத்திலிருந்து என் மகளை அங்கே கூட்டிக்கொண்டு போவேன். எங்களுக்கு அடுத்த தெருவில் இருப்பவளும் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். ஒரே பஸ், ஒரே சீட், பிள்ளைகள் முன் சீட்டில். என்னைவிட இரண்டு வயது சின்னவள், அதனால் என்னை அக்கா என்பாள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மில்லில் அவளுக்கு வேலை. நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறேன், ஆரி எம்ப்ராய்டரி வேலைக்கு டிசைனைத் துணியில் ட்ரேஸ் எடுத்துக் கொடுக்கிறேன். அவள் மேல் எனக்கு இருக்கும் பொறாமை இதை எழுதும்போதும் முழுசாகப் போகவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்தது போல ஆகிவிடும்.

ஆரம்பத்தில் நாங்கள் இருவரும் மாடிப்படியில்தான் உட்கார்ந்திருப்போம். அவள் போனில் சமையல் வீடியோ பார்ப்பாள். நான் வீட்டுக்குப் போன் போட்டு கேஸ் மூடியிருக்கிறதா, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று என் வீட்டுக்காரரைக் கேட்பேன். ஒரு நாள் கிளாஸ் எடுக்கிற மிஸ் எட்டிப் பார்த்தார். எங்களைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும், ஓவியக் கல்லூரியில் படித்தவர்.

"படியில உக்காந்துக்கினு இன்னாக்கா பண்றீங்க? உள்ள வந்து நீங்களும் வரைங்களேன். பேப்பர் நிறைய இருக்குது."

நான் ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது, தம்பிகள் சின்னவர்கள், நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு எந்த வகுப்பறைக்குள் கால் வைத்தாலும், பெற்றோர் கூட்டமாகவே இருந்தாலும், யாராவது என்னைக் கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று கதவோரமாகவே நின்றுகொள்வேன். அவளும் எட்டாவதுக்கு மேல் போகாதவள்தான். ஆனால் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அங்கேயே எனக்குக் கொஞ்சம் பிடிக்காமல் போனது.

முதல் நாள் செருப்பு வரையச் சொன்னார் மிஸ். அவரவர் காலில் கிடந்த செருப்பு. நான் ஐந்து நிமிஷத்தில் வரைந்து முடித்தேன். ஒரே இழுப்பில் சுற்றுக் கோடு, அதற்குள் வார். ரவிக்கைக்கு மயிலும் மாங்காயும் வருஷக்கணக்கில் இழுத்த கை, கோடு நடுங்காது. மிஸ் பார்த்தார். "கோடு அழகா இருக்குதுக்கா. ஆனா இது கடையில தொங்கற செருப்பு. உங்க செருப்பு எங்க?"

பக்கத்தில் அவள் படத்தைப் பார்த்தேன். கோடு கோடாகக் கிறுக்கி வைத்திருந்தாள். ஆனால் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் இருந்தது. குதிகால் ஒரு பக்கம் தேய்ந்து சரிந்திருந்தது. வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அவள் செருப்பேதான். மிஸ் அதைத் தூக்கிப் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டினார். நானும் கை தட்டினேன். தட்டும்போது நெஞ்சுக்குள் காரமாக ஏதோ ஏறியது. காலையில் சாப்பிட்ட பொங்கல் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் மிஸ் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். எல்லாம் ரொம்பச் சாதாரணமானவை. பென்சிலை நேராகப் பிடித்து, கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சொம்பின் உயரத்தில் அகலம் எத்தனை தடவை அடங்குகிறது என்று கட்டைவிரலால் அளந்து பார்ப்பது. சாமானை வரையாமல் சாமானுக்கு நடுவில் இருக்கும் காலி இடத்தை வரைவது. நூலின் நுனியில் ஒரு வாஷரைக் கட்டித் தொங்கவிட்டு, எது எதற்கு நேர் கீழே வருகிறது என்று பார்ப்பது. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் சின்னச் சின்ன விஷயமெல்லாம் மறைந்து, இருட்டும் வெளிச்சமும் மட்டும் தெரியும். வரைந்ததைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் கோணல் காட்டிக் கொடுத்துவிடும். மிஸ் அடிக்கடி சொல்வது ஒன்றே ஒன்று. பேப்பரைப் பார்ப்பதைவிட சாமானை அதிகம் பார்க்க வேண்டும். பேப்பரும் சாமானும் வேறு வேறு சொன்னால் சாமான் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

எனக்கு முதல் வழியிலேயே தகராறு. கையை நீட்டும்போது முழங்கை மடங்கக் கூடாது. மடங்கினால் ஒவ்வொரு தடவையும் அளவு மாறும். எனக்கு மடங்கிவிடும். காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் ரவிக்கை தைக்கிறேன், என் ரவிக்கை அக்குளில் நைந்து போயிருந்தது. கையைத் தூக்கினால் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம். அந்தப் பயத்தில் அளந்தால் சொம்பு ஒரு தடவை குண்டாக வரும், இன்னொரு தடவை ஒல்லியாக வரும்.

"அக்கா, கை மடங்குது" என்பார் மிஸ்.

"அக்காவுக்குக் கை மட்டும் இல்ல மிஸ், எல்லாத்துக்கும் ஒரு தயக்கம்" என்பாள் இவள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். பிள்ளைகளும் சிரிப்பார்கள். என் மகளும் சிரிப்பாள்.

அவள் மில்லில் சாப்பாட்டு நேரத்தில் மூட்டைகளை வரைவாளாம். சாய்ந்த மூட்டை, சரிந்த மூட்டை, கட்டு அவிழ்ந்த மூட்டை. போனில் படம் எடுத்து அனுப்புவாள். நான் இரண்டு கட்டைவிரல் அனுப்பிவிட்டு, உடனே அடுப்படிக்குப் போய்க் குக்கரை எடுத்து வைத்து வரைய உட்காருவேன். என் வீட்டுக்காரர் ஒரு நாள் குக்கர் எங்கே என்று தேடி வந்து, அது தையல் மிஷின் மேல் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனார். என் மகள் சும்மா இருக்கவில்லை.

"அந்த அத்தை வரையறது போட்டோ மாதிரி இருக்குதும்மா. உன்னுது கோலம் மாதிரி இருக்குது."

இப்படி இருக்கும்போதுதான் மிஸ் அந்தச் செய்தியைச் சொன்னார். திண்டிவனத்திலும் ஒரு கிளாஸ் தொடங்கப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊரிலும் அவரால் இருக்க முடியாது. திண்டிவனத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, அடிப்படை சொல்லிக் கொடுக்க ஒருத்தர் வேண்டும்.

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர எடுத்துக்கலாம்னு பாக்கறேன். சர்டிபிகேட் எல்லாம் வேணாம். பாத்து வரையத் தெரியணும், அவ்ளோதான். அடுத்த வாரம் ரெண்டு பேருக்கும் ஒரே சாமான் வெச்சித் தர்றேன்."

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை. கிடைக்காதோ என்று ஒரு கவலை. கிடைத்தால் பிள்ளைகள் முன்னால் நிற்க முடியுமா என்று இன்னொரு கவலை. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஆசை கிடந்தது. ஒன்பதாவது பாதியில் நின்றவளைப் பத்துப் பிள்ளைகள் 'மிஸ்' என்று கூப்பிட வேண்டும். ரவிக்கை தைத்துக்கொண்டே அந்தச் சொல்லை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒரு கல்யாண ரவிக்கைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன்.

அந்த ஞாயிறு புது ரவிக்கை போட்டுக்கொண்டு போனேன். விழுப்புரத்தில் இறங்கியதும் கேஸ் நினைவு வந்துவிட்டது. அவளைப் பிள்ளைகளோடு மாடிக்கு அனுப்பிவிட்டு, மருந்துக் கடை வாசலில் நின்று வீட்டுக்குப் போன் போட்டேன். மூடியாகிவிட்டது என்று அவர் சொன்ன பிறகும் போய்த் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மேலே போனபோது எல்லாம் தயாராக இருந்தது. மேசை மேல் கீழ்க் கடையிலிருந்து வாங்கி வந்த அலுமினிய டீ கெட்டில், அதிலிருந்து மூன்று விரல் இடைவெளி விட்டு ஒரு செங்கல், பின்னால் சாய்த்து வைத்த முறம். எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். பிள்ளைகள் அந்த மூலையில் வேறு ஏதோ வரைந்துகொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு என் கை மடங்கவில்லை. கெட்டிலின் உயரம், மூக்கின் சாய்வு, கைப்பிடிக்குள் இருக்கும் காலி இடம், எல்லாம் பிடிபட்டது. ஒரு மணி நேரத்தில் கெட்டிலையும் செங்கல்லையும் முடித்துவிட்டேன், முறம் மட்டும் பாக்கி. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் திருப்பி அவள் பேப்பரைப் பார்த்தேன். அவளும் கெட்டிலை முடித்திருந்தாள். நசுங்கிய அடிப்பாகம், மூடிக்கும் கைப்பிடிக்கும் நடுவில் கட்டியிருந்த நூல்கூட இருந்தது. என்னுடையதில் அந்த நூல் இல்லை. அப்படி ஒரு நூல் இருப்பதையே அவள் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பத்து நிமிஷம் இடைவேளை விட்டார் மிஸ். எல்லோரும் டீ குடிக்கக் கீழே போனார்கள். நான் வரவில்லை என்றேன்.

எழுந்து மேசைக்குப் போனேன். கெட்டிலை இரண்டு விரல் அளவு செங்கல் பக்கம் தள்ளினேன். அவ்வளவுதான் செய்தேன். அறையில் தனியாக இருந்தது தெரியக் கூடாது என்று தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். படியில் அவள் எதிரே மேலே ஏறி வந்தாள். "டீ சூடா இருக்குதுக்கா, போய்க் குடி" என்றாள்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். ட்ரேஸ் எடுப்பதில், டிசைனை ஊசியால் குத்திய பேப்பரைத் துணி மேல் வைத்துப் பொடி தேய்த்துவிட்டால் வேலை முடிந்தது. பேப்பரைச் சுருட்டி மூலையில் போட்டுவிடுவோம். அதற்குப் பிறகு துணியில் இருப்பதுதான் டிசைன், எதிலிருந்து எடுத்தோம் என்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என் கெட்டில் பேப்பரில் ஏறிவிட்டது, அதனால் பத்திரம் என்று நினைத்தேன். அவள் எப்போதும் திரும்பத் திரும்பப் பார்த்துத் திருத்துகிறவள். அவள்தான் குழம்பிப் போவாள் என்று நினைத்தேன். என் படத்துக்கும் அதே கெட்டில்தான் சாட்சி என்பது என் புத்திக்கு ஏறவேயில்லை.

நான் மேலே வந்தபோது அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ரப்பரால் கெட்டிலை முழுசாக அழித்துக்கொண்டிருந்தாள். செங்கல்லை விட்டுவிட்டுக் கெட்டிலை மட்டும். கையை நீட்டினாள், கண்ணை மூடினாள், அளந்தாள், முதலிலிருந்து வரையத் தொடங்கினாள். மீதி நேரம் கொஞ்சம்தான் இருந்தது. நான் முறத்தை வரைந்தேன். கெட்டில் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

நேரம் முடிந்ததும் மிஸ் நூலும் வாஷருமாக வந்தார். என்னை எழுந்திருக்கச் சொல்லி என் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் பார்த்த இடத்திலிருந்து அவரும் பார்க்க வேண்டுமாம். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, கெட்டிலுக்கும் செங்கல்லுக்கும் நடுவுல இவ்ளோ காலி இடம் விட்டிருக்கீங்க. அங்க ஒரு விரல்தான் நுழையும் போல இருக்குதே."

"இருந்துது மிஸ்."

"எப்ப?"

நகர்ந்துவிட்டது என்று சொன்னால் யார் நகர்த்தினார்கள் என்ற கேள்வி வரும். பக்கத்தில் அவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். சீவிய பென்சிலையே திரும்பச் சீவினாள்.

"கெட்டில் தனியா நல்லா வந்திருக்குதுக்கா. இன்னிக்கிக் கையும் நேரா இருந்துது, நான் கவனிச்சேன். ஆனா கடைசி வரைக்கும் பாக்காம விட்டுட்டீங்க. ஞாபகத்துல வரைஞ்சிட்டீங்க."

வேறு என்ன சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாக ஒன்றைப் பார்த்ததே அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

பிறகு மிஸ் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து நூலைத் தொங்கவிட்டார். கெட்டில் அவசரத்தில் வரைந்ததாக, கோடு கரடுமுரடாக இருந்தது. ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. "திண்டிவனத்துக்கு நீங்க வந்துடுங்க" என்று அவளிடம் சொன்னார். நான் அவள் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னேன். அவள் கை ஈரமாக இருந்தது.

திரும்பும் பஸ் முண்டியம்பாக்கத்தில் நின்றது. ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் கூட்டம் ஏறியது. எக்ஸ்ரே கவரோடு ஒருவர் எங்கள் சீட்டை ஒட்டி நின்றார்.

"அக்கா."

"உம்."

"கெட்டில நவுத்துனது நீதான."

"இன்னா ஒளர்ற நீ?"

"நீ கீழ நின்னு கேஸ் மூடுனியா மூடுனியான்னு கத்திக்கினு இருந்தப்ப, மிஸ் என் கையில சாக்பீஸ் குடுத்து எல்லாச் சாமானையும் சுத்திக் கோடு போடச் சொன்னாங்க. யாருனா இடிச்சிட்டா திரும்ப அதே எடத்துல வெக்கறதுக்கு. நான் டீ குடிச்சிட்டு வந்து பாக்கறேன், கோடு ஒரு பக்கம் கெடக்குது, கெட்டில் வேற பக்கம் நிக்குது. எல்லாரும் கீழ இருந்தோம், நீ ஒருத்திதான் மேல இருந்த."

தள்ளிய அவசரத்தில் அப்படி ஒரு கோடு இருந்ததையே நான் பார்க்கவில்லை. முன் சீட்டில் பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லல. நான் கெட்டிலத் திரும்ப கோட்டுலயே வெச்சிருக்கலாம். ரெண்டு பேரு படமும் சரியா இருந்திருக்கும்." அவள் புடவைத் தலைப்பை எடுத்துக் காட்டினாள். நுனியில் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது. "வெக்கல. மேசையில இருந்த கோட்டை அழிச்சிட்டு, கெட்டில் நின்ன எடத்துல வேற கோடு போட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது.

"ஏன்டி அப்டிப் பண்ண?"

"நீ ஏன் நவுத்துன?"

"நான் கேட்டதுக்கு பதில் சொல்லு."

"ரெண்டும் சரியா இருந்தா மிஸ் உன்னத்தான் எடுப்பாங்க. உன் கோடு மாதிரி எனக்கு வராதுக்கா. நீ ஒரே இழுப்புல இழுத்துட்டுப் போற. நான் கோழி கிளர்ற மாதிரி கிளறிக்கினு இருக்கறேன். வூட்ல எத்தினி நாள் உன்ன மாதிரி இழுத்துப் பாத்திருக்கறேன் தெரியுமா? பேஜாரா போச்சி. எம் பொண்ணு வேற, அந்த அத்தை கோடு எவ்ளோ நைஸா இருக்குதுங்குது."

எக்ஸ்ரே கவர்காரர் குனிந்து, "அம்மா, கொஞ்சம் நவுந்து உக்காந்தீங்கன்னா நானும் ஓரமா குந்திக்குவேன்" என்றார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அவர் எதற்கென்று தெரியாமல் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

"மிஸ்ஸுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிடட்டுமா?" என்றாள் கொஞ்சம் கழித்து.

"இன்னான்னு சொல்லுவ?"

"யாரோ நவுத்திட்டாங்கன்னு."

"யாருன்னு கேப்பாங்க."

"கேட்டா... கோட்டை அழிச்சது யாருன்னும் கேப்பாங்க இல்ல."

இருவரும் சொல்லவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட் வரை எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாகவே இருந்தது. என்னிடம் இருக்கும் ஒன்றைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள். என் வாழ்நாளில் அப்படி யாரும் பட்டதாக எனக்குத் தெரியாது. டோல்கேட்டில் பஸ் வரிசையில் நின்றபோதுதான், வேலை அவளுக்குப் போய்விட்டது என்பது மறுபடியும் நினைவுக்கு வந்தது.

இப்போது திண்டிவனத்தில் ஒரு டியூஷன் சென்டரின் முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கிளாஸ் எடுக்கிறாள். பக்கத்திலேயே இருக்கும்போது எதற்கு விழுப்புரம் என்று என் மகளும் அங்கேயே சேர்ந்துவிட்டாள். முதல் வாரம் திரும்பி வந்ததும், "மிஸ் உன்ன விசாரிச்சாங்கம்மா" என்றாள்.

"எந்த மிஸ்?"

"அத்தைதான். கிளாஸ்ல மிஸ்னுதான் கூப்பிடணுமாம்."

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நான் அவ்வளவு ஆசைப்பட்ட அந்தச் சொல்லை என் மகள் வாயிலிருந்து அவள் வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் அவளே வீட்டுக்கு வந்தாள். நான் மிஷினில் இருந்தேன். நின்றுகொண்டே பேசினாள்.

"அக்கா, பசங்களுக்கு அளக்கச் சொல்லிக் குடுத்துட்டேன். காலி எடம் பாக்கச் சொல்லிக் குடுத்துட்டேன். கோடு இழுக்கறதுதான் வர மாட்டேங்குது. எனக்கே வராதத எப்டிச் சொல்லிக் குடுக்கறது? ஞாயித்துக்கெழம ஒரு மணி நேரம் வந்து காட்டேன்."

"நெறைய வேலை இருக்குது."

"உன்னையும் மிஸ்னு கூப்பிடச் சொல்றேன்."

தெரிந்துதான் சொன்னாளா, விளையாட்டாகச் சொன்னாளா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்த ஆசையை நான் அவளிடம் ஒருபோதும் சொன்னதில்லை. முகத்தைத் தூக்காமல் ஊசியில் நூல் கோத்தேன். இரண்டு தடவை தவறியது.

"பாக்கலாம்" என்றேன்.

"பாக்கலாம்னா வருவியா, வர மாட்டியா?"

"பாக்கலாம்."

அந்த ஞாயிறு காலையில் என் மகளை டியூஷன் சென்டர் வாசல் வரை கொண்டு போய் விட்டேன். உள்ளே அவள் குரல் கேட்டது. பிள்ளைகளை வரிசையாக உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோடு இழுக்க அவளால் சொல்லித் தர முடியாது என்பது எனக்கு இனிப்பாக இருந்தது. அது நல்லதில்லை என்று தெரிந்தும் இனிப்பாகவே இருந்தது. அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன். மகள் இல்லாமல், நான் வரைவதற்காக மட்டும் அந்தக் கிளாஸுக்குப் போவது அதுதான் முதல் தடவை. கண்டக்டர் வந்து ஒரு டிக்கெட்டா என்று கேட்டார். ஆமாம், ஒன்றுதான் என்றேன்.